மகிழ்ச்சிக்குக் கை தூக்கிய பிள்ளைகளுக்கு

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வட்டாரத் தமிழ் வகுப்பின் இளைஞர் வாசகர் வட்டத்துக்கு,

வணக்கம். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலை வைத்துப் போன மாதம் நீங்கள் நடத்திய விவாதத்துக்கு நானும் வந்திருந்தேன். "அந்த உலகத்தில் வாழச் சம்மதமா?" என்று கடைசியில் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் கை தூக்கினீர்கள். பின்வரிசைப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "ரத்தம் சிந்தி வாங்கின சுதந்திரம், இதுகளுக்கு அருமை தெரியலை" என்று ஒருவர் எழுந்து சொன்னார். கூட்டம் அதோடு கலைந்துவிட்டது. நீங்கள் எழுப்பிய கேள்விக்கு அது பதில் ஆகாது. பதில் கிடைக்காமலே நீங்கள் வீட்டுக்குப் போனது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல். படிக்கத் தடுமாறினால் வீட்டில் ஆயாவையோ தாத்தாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கும்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். அந்த நாவலின் உலக அரசில் பசி இல்லை, வேலையில்லாதவர் இல்லை, போர் இல்லை, அறுபது வயது வரைக்கும் உடம்பில் இளமை குறைவதில்லை. மனசு கொஞ்சம் வாடினால் சோமா என்ற மாத்திரை இருக்கிறது. நீங்கள் வளர்ந்த டர்பனை நினைத்துப் பார்க்கிறேன். லோட்ஷெடிங் மின்வெட்டில் மெழுகுவர்த்தி வைத்து வீட்டுப்பாடம் எழுதினீர்கள். 2021 ஜூலையில் கடைகள் எரிந்தன, தெருமுனையில் டயரைப் போட்டு அப்பாக்களும் மாமாக்களும் ராத்திரி முழுக்கக் காவல் நின்றார்கள். அந்தக் கலவரத்தில் தென்னாப்பிரிக்காவில் 350க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்து 400க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. உங்களில் ஒரு பெண் சொன்னாள்: "அண்ணன் வேலைக்குப் போயிட்டு உயிரோட திரும்பி வந்தா போதும், எனக்கு வேற சுதந்திரம் வேணாம்." அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் அவள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். நிம்மதி வேண்டும் என்று கேட்பது குற்றமே இல்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தை உங்களில் யாருமே கேட்கவில்லை. அந்த உலகத்தில் நீங்கள் யாராகப் பிறப்பீர்கள்?

அங்கே மனிதர்களை ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று மேலிருந்து கீழாக ஐந்து தட்டாக வகுத்திருக்கிறார்கள். கை தூக்கிய ஒவ்வொருவரும் தன்னை ஓர் ஆல்ஃபாவாக நினைத்துக்கொண்டுதான் தூக்கினீர்கள். பேச்சைக் கேட்டாலே தெரிந்தது. ஹெலிகாப்டரில் போகலாம், லண்டன் மாடி வீட்டில் இருக்கலாம், பிடித்த வேலை பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னீர்கள். நாவலில் முஸ்தஃபா மாண்ட் என்ற அதிகாரி கணக்கை ஒளிக்காமல் சொல்கிறார்: ஜனத்தொகை பனிப்பாறை மாதிரி இருக்க வேண்டும், ஒன்பதில் எட்டுப் பங்கு தண்ணீருக்குக் கீழே, ஒரு பங்கு மேலே. கீழே இருக்கும் எட்டுப் பங்கைக் கண்ணாடிக் குடுவையிலேயே தயார் செய்கிறார்கள். ஒரே கருமுட்டையைப் பிரித்து 96 பேர் வரைக்கும் ஒரே முகத்தோடு எடுக்கிறார்கள். எப்சிலான் ஆக வேண்டிய கருவுக்கு ஆக்சிஜனைக் குறைத்து மூளையை வளரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எட்டு மாதக் குழந்தை தவழ்ந்து போய் ரோஜாப்பூவையும் படப் புத்தகத்தையும் தொட்டதும் சைரனை அலறவிட்டு, தரையில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதற்கப்புறம் அது ஆயுசுக்கும் புத்தகத்தைத் தொடாது.

அந்த நாவலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. விவாதத்தில் ஒருத்தரும் அதைத் தொடவில்லை. லிஃப்ட் ஓட்டுகிற ஓர் எப்சிலான் வருகிறான். ஒரு பக்கம் கூட முழுசாக வருவதில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகிறான். மொட்டை மாடியில் கதவைத் திறக்கிறான். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிறது. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு "மாடி! மாடி!" என்று பரவசத்தோடு சொல்கிறான். ஏதோ தூக்கத்திலிருந்து எழுந்தவன் போல இறங்கிப் போகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறான். மணி அடிக்கிறது, ஒலிபெருக்கி பதினெட்டாவது மாடிக்குக் கீழே இறங்கு என்கிறது. கதவைச் சாத்திவிட்டு இருட்டுக்குள் இறங்கிவிடுகிறான். அவன் துக்கப்படுகிறவன் இல்லை. கேட்டால் சந்தோஷமாக இருக்கிறேன் என்றுதான் சொல்வான், பொய்யும் சொல்ல மாட்டான். ஆனால் அந்த வெயிலைப் பார்த்த கணத்தில் அவனுக்குள் என்னமோ எழுந்ததே, அது என்ன? அதற்குப் பேர் வைக்கக்கூட அவன் மூளையில் இடம் விடவில்லை. "எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள்" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் எனக்கு அந்த லிஃப்ட்காரன் முகம்தான் முன்னால் வந்தது.

நம் பிள்ளைகளுக்கு இது கதையாக மட்டும் தெரியக் கூடாது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது முதல் 1911 வரைக்கும் 1,52,184 பேரைக் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில்பாதைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு எண். பாட்டன் பூட்டன் பத்திரத்தைத் தேடிப் போனால் பேருக்கு முன்னால் அந்த எண்தான் வரும். அவர்கள் பிள்ளைகள் எவ்வளவு படிக்கலாம், எங்கே குடியிருக்கலாம், எந்த பெஞ்சில் உட்காரலாம் என்று பிறகு சட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். 1954இல் பூர்வகுடி விவகார அமைச்சராக இருந்த வெர்வூர்ட் செனட்டில் பேசியதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: வெள்ளைச் சமூகத்தில் சில வகை உழைப்புக்கு மேலே கறுப்பு மனிதனுக்கு இடம் இல்லை, அதனால் அதற்கு மேல் ஆசை காட்டும் படிப்பும் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். ரோஜாவிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் குழந்தையை விரட்டுவதற்கு அவரிடம் மின்சாரத் தரை இல்லை. சட்டப் புத்தகம் இருந்தது. குடுவைக்குள்ளேயே ஆளை வடிக்க முடிந்திருந்தால் நம் தாத்தாக்கள் சந்தோஷமாகக் கரும்பு வெட்டியிருப்பார்கள், நீங்களும் சந்தோஷமாக வெட்டிக்கொண்டிருப்பீர்கள். ஹக்ஸ்லியே 1946இல் எழுதிய முன்னுரையில் இதைச் சொல்கிறார்: உண்மையிலேயே திறமையான சர்வாதிகாரத்தில் அடிமைகளை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது, அவர்களே தங்கள் அடிமைத்தனத்தை நேசிப்பார்கள். அபார்ட்ஹெய்ட் என்ற இனஒதுக்கல் ஆட்சி அந்த அளவுக்குத் திறமையாக இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

அதற்கு முன்பே ஆண்டவர்களும் முயற்சி செய்யாமல் இல்லை. அதுவும் நம் ஊரிலேயே. 1908இல் நடால் காலனியில் ஒரு பீர் சட்டம் வந்தது. சோளத்தில் காய்ச்சும் உத்ஷ்வாலாவை டர்பனில் காய்ச்சி விற்கும் உரிமை முழுவதையும் நகராட்சியே எடுத்துக்கொண்டது. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த ஆப்பிரிக்க ஆண்கள் நகராட்சி பீர் ஹாலில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். அந்தக் காசிலிருந்து அவர்களை அடைத்து வைக்கும் விடுதிகளும் அவர்களைக் கண்காணிக்கும் போலீசும் நடந்தன. தன்னைக் கட்டிவைக்கும் கயிற்றுக்குத் தானே காசு கொடுத்து, அதற்காகச் சாயங்காலம் ஒரு மயக்கமும் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. 'டர்பன் முறை' என்று மற்ற ஊர்களும் அதைப் பார்த்துப் படித்தன. நாவல் வெளிவந்தது 1932இல். அதற்குள் டர்பனில் இது கால் நூற்றாண்டுப் பழக்கம்.

1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் குடியிருப்பில் ஆப்பிரிக்கப் பெண்கள் பீர் ஹாலுக்குள் புகுந்து பீரையெல்லாம் தரையில் கவிழ்த்தார்கள். போலீஸ் அடித்தது, கலவரம் பரவியது. இதை நாவலின் மருத்துவமனைக் காட்சியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். அங்கே வேலை முடிந்து சோமாவுக்கு வரிசையில் நிற்கும் டெல்டாக்களைப் பார்த்து, உலக அரசுக்கு வெளியே ஓர் ஒதுக்கிடத்தில் வளர்ந்து வந்த ஜான் "இது விஷம், நான் உங்களை விடுவிக்க வந்திருக்கிறேன்" என்று கத்திவிட்டு மாத்திரைப் பெட்டிகளை ஜன்னல் வழியே எறிகிறான். டெல்டாக்கள் அவன்மேலேயே பாய்கிறார்கள். போலீஸ் வந்து சோமாப் புகையை அடித்து, பதிவு செய்து வைத்த ஒரு இனிமையான குரலை ஓடவிட்டதும் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது சமாதானமாகிவிடுகிறார்கள். கேட்டோ மேனரில் வெளியிலிருந்து எந்த ஜானும் வரவில்லை. யார் வீட்டுச் சம்பளம் அந்த ஹாலில் கரைந்ததோ அந்தப் பெண்களே போய்க் கவிழ்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்கள் குடிக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களே வீட்டில் பீர் காய்ச்சி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அதற்காகத்தான் போலீஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டும், சட்டிகளை உடைத்துக்கொண்டும் இருந்தது. ஆகவே சந்தோஷம் கூடாது என்ற சண்டை இல்லை அது. எங்கள் சந்தோஷத்தின் குழாய் உன் கையில் எதற்கு என்ற சண்டை. நான் உங்களோடு போடுவதும் இந்தச் சண்டைதான். நிம்மதிக்கும் சுதந்திரத்துக்கும் நடுவில் ஒன்றைப் பொறுக்கு என்று மாண்ட் கேட்கும்போது, அந்தக் கேள்வியிலேயே குழாய் அவர் கையில் இருப்பதை நாம் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்கிறார்.

குழாய் என்றதும் எங்கள் வீட்டுக் கதையும் வருகிறது. அப்பா டர்பன் கார்ப்பரேஷன் கூலி. மேகசின் பேரக்ஸில் இருந்தோம். தமிழும் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த இடம். தண்ணீருக்குப் பொதுக்குழாய், கழிப்பறையும் பொது. அறுபதுகளில், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் எங்களை வாரி சாட்ஸ்வொர்த்தில் கொட்டினார்கள். நம்மவர்கள் வாழை பயிரிட்டிருந்த மேடு இது. வெள்ளையர் பகுதிக்கும் ஆப்பிரிக்கர்கள் இருந்த உம்லாசிக்கும் நடுவில் இந்தியர்களை ஒரு வேலியாக வைப்பது திட்டம். ஆனால் அம்மாவுக்கு என்ன தெரியுமா? வீட்டுக்குள்ளேயே குழாய். முதல் நாள் அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். கையை நனைத்து என் முகத்தில் துடைத்தாள். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பஸ் கூலியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கோயிலும் பள்ளியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் எங்கே போனார்கள் என்று ஒவ்வொருத்தராக விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தன. அம்மாவுக்குக் குழாய் கொடுக்க அப்பாவின் ஊரை அழிக்க வேண்டிய அவசியம் எந்தப் பொறியியலிலும் இல்லை. பேரக்ஸிலேயே வீட்டுக்கு ஒரு குழாய் போட்டிருக்கலாம். உலக அரசும் இதைத்தான் செய்கிறது. பசியைத் தீர்ப்பதையும் மூளையைக் குறுக்குவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, வேண்டுமா வேண்டாமா என்கிறது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கேளுங்கள், பிள்ளைகளே. டைஃபாய்டு ஒழிந்ததற்கும் எப்சிலான் குடுவைக்கும் என்ன சம்பந்தம்?

1984இல் இன்னொரு பொட்டலம் வந்தது, மூன்று அவைப் பாராளுமன்றம் என்று. வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் நாலுக்கு ரெண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இடம், நாட்டின் பெரும்பான்மையான ஆப்பிரிக்கர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆல்ஃபா, பீட்டா, காமா, அப்புறம் பேரே இல்லாதவர்கள். "வீடு வரும், பள்ளிக்கூடம் வரும், கிடைத்ததை வாங்கிக்கலாம்" என்று நம் தெருவிலேயே சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, களைத்தவர்கள். ஆகஸ்ட் 28 தேர்தலில் பதிவு செய்த இந்தியர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்தான் ஓட்டுப் போட்டார்கள். மீதிப்பேர் வீட்டிலேயே இருந்தார்கள். உங்கள் தாத்தாக்களில் பலர் அந்த மீதிப்பேர்தான். போய்க் கேளுங்கள்.

சரி, இப்போது இருக்கும் சுதந்திரத்தை வைத்து என்ன கிழித்தோம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. குப்பை அள்ள ஆள் வருவதில்லை, தண்ணீர் வருவது நிச்சயமில்லை, படித்த பிள்ளைக்கு வேலை இல்லை. நான் இதற்கெல்லாம் சப்பைக்கட்டு கட்ட வரவில்லை. ஆனால் 2024 மே மாதம் என்ன நடந்தது? முப்பது வருஷம் பெரும்பான்மையோடு ஆண்ட ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சியை ஜனங்கள் 40 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அந்தக் கட்சியும் அதை ஒத்துக்கொண்டு மற்றவர்களோடு உட்கார்ந்து பேசியது. மனசு மாறியது, மாற்றிப் போட்டார்கள். எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: நாளைக்கு என் மனசு மாறினால் திரும்பி வர வழி இருக்கிறதா? உலக அரசில் அந்த வழி ஆல்ஃபாக்களுக்கு மட்டும் கொஞ்சம் இருக்கிறது, ஒத்துவராதவர்களைத் தீவுக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட ஆல்ஃபாவான ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஃபாக்லாந்து தீவுகளைத் தேர்ந்தெடுக்கிறான். ஜானும் கூடப் போகக் கேட்கிறான். மாண்ட் விடுவதில்லை, சோதனையைத் தொடர வேண்டுமாம். துன்பப்படும் உரிமையைக் கேட்டு ஜான் பேசுவதை நீங்கள் எல்லோரும் மேற்கோள் காட்டினீர்கள். அவனுக்குப் போக அனுமதி இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்த மறுப்புதான் நாவலிலேயே பயங்கரமான இடம்.

ஹக்ஸ்லிக்கு முன்பே ரஷ்யாவில் ஸமியாதின் 1920-21இல் எழுதிய 'நாங்கள்' நாவலில் இது இன்னும் அப்பட்டமாக வரும். சந்தோஷத்துக்குத் தடையாக இருப்பது கற்பனைதான் என்று கண்டுபிடித்து, கதிர் பாய்ச்சி மூளையிலிருந்து அதை எடுத்துவிடுகிறார்கள். சிகிச்சைக்கு அப்புறம் கதைசொல்லி, தான் நேசித்த பெண்ணைக் கண்ணெதிரே வதைப்பதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவள் அழகாக இருப்பதாகக்கூட எழுதுகிறான். அடுத்த வாசிப்புக்கு இதை எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சின்ன நாவல்தான்.

சோமாவுக்குப் பக்கவிளைவே கிடையாது என்று ஒரு தம்பி அடித்துச் சொன்னான். தம்பி, ஜானின் அம்மா லிண்டா இருக்கும் பக்கங்களைத் திரும்பப் படி. அவளுக்குக் கேட்கும்போதெல்லாம் கொடுக்கிறார்கள். ஒன்றிரண்டு மாசத்தில் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டருக்குத் தெரியும். ஜான் தடுத்தும் கொடுக்கிறார்கள், அவள் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடப்பது அவர்களுக்குச் சௌகரியம். சாட்ஸ்வொர்த்தில் பிறந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஷுகர்ஸ் என்ற போதைப்பொருள் நம் தெருக்களுக்கு வந்து எத்தனை வீட்டுப் பையன்களைக் கொண்டுபோனது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். ஒரு வீட்டில் தாய் அலமாரிக்கு மட்டும் இல்லை, கெட்டிலுக்கும் பூட்டு வாங்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். மகன் அதையும் விற்றுவிடுவானாம். அந்தப் பையன் முதல் தடவை அதை எடுத்ததும் நீங்கள் சொன்ன அதே நிம்மதிக்காகத்தான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவனுக்கு வேலையும் மருத்துவமும் மரியாதையும் கொடுக்காமல் மயக்கத்தை மட்டும் மலிவாகக் கிடைக்க விட்டவர்களைத்தான் குறை சொல்கிறேன்.

அப்புறம் கஷ்டத்தைப் பற்றி. "எதற்காகக் கஷ்டப்பட வேண்டும்?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். தைப்பூசத்துக்குப் பத்து நாள் மரக்கறி சாப்பிட்டு, தரையில் படுத்து, அலகு குத்தி, பிப்ரவரி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு காவடி எடுக்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர்! யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உலக அரசிலும் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். மாசம் ஒரு தடவை உடம்புக்குள் அட்ரினலினைப் பாய்ச்சி, ஆவேசத்தின் பலன் எல்லாம் கிடைத்துவிட்டது, சிரமம் இல்லை என்கிறார்கள். அந்த ஊசியைக் காவடிக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளச் சம்மதிப்பீர்களா? மாட்டீர்கள். அம்மாவுக்கு உடம்பு தேறினால் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவருக்கு அந்தப் பாரம் வெறும் உடல் உணர்ச்சி இல்லை, கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுக்கவும் அதை மீறவும் முடிகிற ஆளால்தான் காவடி எடுக்க முடியும். அதே சமயம் இதை வைத்து எல்லாத் துன்பத்துக்கும் மாலை போடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தானாக எடுக்கும் காவடி வேறு, வேலையில்லாமல் பட்டினி கிடப்பது வேறு. பட்டினி கிடக்கிறவனிடம் சுதந்திரத்தின் அருமையைப் பேசுகிறவர் முதலில் அவனுக்குச் சோறு போடட்டும். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது யாருடைய மூளையையும் குறைத்துக் கேட்பதில்லையே.

ஹக்ஸ்லிமேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு பக்கம் உலக அரசு, இன்னொரு பக்கம் அழுக்கும் சவுக்கடியும் நிறைந்த ஒதுக்கிடம், இரண்டில் ஒன்று என்று ஜானைத் தள்ளிவிட்டார். அதே 1946 முன்னுரையில் அதுவே நாவலின் பெரிய குறை என்று அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் விவாதத் தலைப்பை வைத்தபோதும் அந்த இரண்டு கதவைத்தான் வைத்தீர்கள். மூன்றாவதாக, அந்த லிஃப்ட்காரனை வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கவிட்டால் என்ன கேட்பான் என்று யாராவது பேசியிருக்கலாம்.

அதனால் ஒரு கோரிக்கை. அதே ஓட்டெடுப்பை அடுத்த கூட்டத்தில் இன்னொரு முறை நடத்துங்கள். இந்த முறை கை தூக்கும் முன் சீட்டுக் குலுக்குங்கள். ஒன்பது சீட்டுக்கு ஒன்றில் மேலே, எட்டில் கீழே என்று எழுதி நானே கொண்டு வருகிறேன். சீட்டைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுப் போடுங்கள், போட்ட பிறகு பிரியுங்கள். பெரியவர்களையும் கூப்பிடுங்கள், ஆனால் இந்த முறை அவர்கள் பேச வேண்டாம், அவர்களும் ஒரு சீட்டு எடுக்கட்டும். கேட்டோ மேனரிலிருந்து க்வாமாஷுவுக்குத் துரத்தப்பட்ட குடும்பத்தில் யாராவது வர இசைந்தால் முன்வரிசையில் இடம் கொடுங்கள். அன்றைக்கும் மகிழ்ச்சிக்கே பெரும்பான்மை வந்தால் நான் வாதாட மாட்டேன். முடிவைக் குறிப்பேட்டில் எழுதும்போது, யார் எந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் பலருடைய அம்மா அப்பாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சர்
சாட்ஸ்வொர்த், டர்பன்